டெபியன் வழங்கலில் புதிய நிரல்மொழிகள்: கிட்லேப் பொதியாக்கத்தின் வரலாறு

சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளம் டெபியன் வழங்கலை அடித்தளமாகக் கொண்டது. இந்திய மொழி வசதிகளைப் பாஸ் சேர்த்தது. அதற்குக் கீழே இருந்த ஆயிரக்கணக்கான பொதிகளைப் பேணியவர்கள் டெபியனின் தன்னார்வலர்கள். ஆகவே வெள்ளானூரில் ஒரு கல்லூரி ஆய்வகம் பாஸை நிறுவிக்கொண்டால், அக்கணினிகளின் பாதுகாப்பு பெருமளவு அத்தன்னார்வலர்களின் உழைப்பைச் சார்ந்ததாகிறது. அவ்வுழைப்பின் அடிப்படையையே புதிய நிரல்மொழிகள் அசைத்தன. அதனைத் தெளிவாகக் காட்டும் சான்றுகளுள் ஒன்று இந்தியப் பங்களிப்பாளர்கள் முன்னின்று நடத்திய கிட்லேப் பொதியாக்கம்.

1993இல் தொடங்கிய டெபியன், சி மொழியின் உலகில் உருவானது. பல நிரல்களுக்கும் தேவைப்படும் நிரலகம் ஒன்று கணினியில் ஒருமுறை மட்டுமே இருக்கும். நிரல்கள் அதனைப் பகிர்ந்துகொள்ளும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ஹார்ட்பிளீட் குறை வெளிப்பட்டபோது இம்முறையின் பயன் விளங்கிற்று. நிரலகத்தின் பொதியைப் புதுப்பித்து, அதனைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி தொடங்கினால் நிரலில் இருந்த அக்குறை அடைபட்டது. ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே திருத்த வேண்டியதில்லை.

ரூபி, நோட்.ஜேஎஸ், கோ, ரஸ்ட் ஆகியவற்றின் வழக்கம் வேறு. ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டிய சிறு நிரலகங்களைக் குறிப்பிட்ட பதிப்புகளில் தானே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. கோ, ரஸ்ட் நிரல்கள் பெரும்பாலும் அந்நிரலகங்களைத் தம்முள்ளேயே கட்டிக்கொள்கின்றன. உருவாக்குநருக்கு இது எளிது; தாம் சோதித்த பதிப்பே பயனரையும் சென்றடையும் என்ற உறுதி அவருக்குக் கிடைக்கிறது. அவ்விருப்பத்தைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட இயலாது. ஆனால் ஒரு நிரலகத்தில் குறை தோன்றினால், அதனை உட்கொண்ட நிரல்கள் அனைத்தையும் தேடிக் கண்டறிந்து மறுபடி கட்டவேண்டும்.

ரூபியில் எழுதப்பட்ட கிட்லேப், ஜாவாஸ்கிரிப்ட், கோ ஆகியவற்றாலான பகுதிகளையும் கொண்டது. பிரவீன் அரிம்ப்ரதொடியில் முதலானோரின் முயற்சியால் 2016இல் அது டெபியனுக்குள் வந்தது. ஒரு செயலியைப் பொதியாக்குவதற்கு அது சார்ந்திருந்த நூற்றுக்கணக்கான ரூபி நிரலகங்கள் ஒவ்வொன்றும் தனிப்பொதியாக வேண்டியிருந்தன. ஜாவாஸ்கிரிப்டில் சிக்கல் மேலும் கூடிற்று. சுருக்கப்பட்ட கோப்பை டெபியன் மூலநிரலாக ஏற்பதில்லை. மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம் வேண்டும், அதிலிருந்து கோப்பை உருவாக்கும் கருவிகளும் டெபியனுக்குள்ளேயே இருக்கவேண்டும். கருவியைப் பொதியாக்கச் சென்றால் அக்கருவி சார்ந்திருக்கும் வேறு பல கருவிகள் எதிர்ப்பட்டன.

2017 ஜூன் 17 அன்று வெளியான டெபியன் 9, கிட்லேப் 8.13ஐக் கொண்டிருந்தது. அப்பதிப்பு 2016 அக்டோபரில் வந்தது. மாதந்தோறும் புதிய பதிப்பை வெளியிட்ட கிட்லேப் நிறுவனம், அண்மைப் பதிப்புகள் சிலவற்றுக்கே பாதுகாப்புத் திருத்தம் அளித்துவந்தது. டெபியன் 9 வெளியான நாளிலேயே 8.13 அவ்வரம்பைக் கடந்திருந்தது! அதன்பின் வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் பழைய பதிப்புக்கேற்ப மாற்றியமைக்கும் சுமை டெபியனின் மேல் விழுந்தது. 2019இல் வந்த டெபியன் 10இல் கிட்லேப் இடம்பெறவில்லை.

இதனைப் பொதியாக்கியவர்களின் தோல்வி என்று கொள்வது பொருந்தாது. அவர்கள் பொதியாக்கிய நிரலகங்கள் பல பிற மென்பொருள்களுக்கும் பயன்பட்டன. மாதக் கணக்கில் நகரும் மென்பொருளுக்கும் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை வெளியாகும் வழங்கலுக்கும் இடையிலான கால முரணே இங்கு வெளிப்பட்டது எனலாம். பின்னர் இம்முரணுக்கு ஈடாக ஃபாஸ்ட் டிராக் என்னும் தனிக்களஞ்சியம் அமைக்கப்பட்டு, கிட்லேப்பின் புதிய பதிப்புகள் அதன்வழி வழங்கப்பட்டன.

நிரலகங்களை உட்கொண்ட நிரல்களின் சிக்கலையோ எந்தக் களஞ்சியமும் தீர்க்கவில்லை. கோ மொழியில் அமைந்த பொதிகளுக்குப் பாதுகாப்பு ஆதரவு வரம்புக்குட்பட்டது என்று டெபியன் 11இன் (2021) வெளியீட்டுக் குறிப்புகள் வெளிப்படையாக அறிவித்தன. டெபியன் 12இன் (2023) குறிப்புகளில் ரஸ்ட்டும் அதனுடன் சேர்ந்துகொண்டது. டெபியனின் நிலைத்த வெளியீட்டிலிருந்து கிளைக்கும் வழங்கல்கள் இவ்வரம்பையும் சேர்த்தே பெறுகின்றன. ஃபாஸ்ட் டிராக் அவற்றுக்குத் தானாக வந்துசேர்வதில்லை. தனியே இணைத்துக்கொள்ள வேண்டும்.