காரைக்காலும் கோடைக்கானலும் ஒரே தூரம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன குப்பைக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. நியூமன் என்கிற ரேடார் பணியாளர் எழுதி வைத்திருந்த குறிப்புகள். அதில் ‘யாகி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. படித்த ஜப்பானிய நிபுணர்களுக்கு அது என்ன சொல் என்றே தெரியவில்லை, எப்படி உச்சரிப்பது என்பதிலேயே குழப்பம். கடைசியில் போர்க்கைதியாக இருந்த நியூமனையே கேட்டார்கள். அந்த ஆன்டெனாவைக் கண்டுபிடித்த உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்தானே அது என்றார் அவர்.

தோஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் 1926ல் உருவான ஆன்டெனா அது. பெரும்பாலான வேலையைச் செய்தவர் ஷின்டாரோ உடா. அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி 1928ல் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார், உலகம் யாகியின் பெயரைப் பிடித்துக்கொண்டது. (ஆராய்ச்சி உலகத்தில் இது அன்றும் இன்றும் சகஜம்.) ஜப்பான் ராணுவம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் போடப்பட்ட குண்டுகளில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று அளந்த கருவிக்கு யாகி ஆன்டெனாக்கள்தான் பொருத்தப்பட்டிருந்தன.

நம்ம ஊர் மொட்டைமாடிகளில் மீன்முள் மாதிரி நின்றதும் இதே ஆன்டெனாதான். எண்பதுகளில் கடலோர மாவட்டங்களில் ரூபவாஹினி பார்ப்பதற்காக இரும்புக்குழாயை இன்னும் இன்னும் உயரமாக நட்டார்கள். மேலே ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே இன்னொருவர் ‘வருது வருது... போச்சு’ என்று கத்திய தலைமுறைக்கு அது யாகி என்று தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு ‘ஏரியல்’. வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் சுவரிலிருந்து சுவருக்குச் செப்புவலை நாடா ஒன்று தொங்கும், அல்லது கொல்லையில் இரண்டு மரங்களுக்கிடையே நீளமாக ஒரு கம்பி. அன்றைய தேவை அப்படி. 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்ட, ஜனங்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957 அக்டோபர் 3ல் விவித்பாரதி தொடங்கியதே போனவர்களைத் திரும்ப இழுக்கத்தான். மத்திய அலையின் நீளம் சில நூறு மீட்டர். அதற்குக் கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. துல்லியமாக வெட்ட வேண்டியதில்லை.

பண்பலை வேறு கணக்கு. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933ல் காப்புரிமை வாங்கிய தொழில்நுட்பம் இந்தியாவுக்கு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் வந்தது. அலைநீளம் வெறும் மூன்று மீட்டர். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் வித்தையெல்லாம் சாதாரணமாக இதற்கு வராது. நேர்கோட்டில் போகும், பூமி வளைகிற இடத்தில் கைவிட்டுவிடும். ஆகவே உயரம்தான் எல்லாம்.

இதைச் சேர்வராயன் மலையில் வைத்துப் பார்ப்பதுதான் சுவாரஸ்யம். கரடியூர் மாதிரி ஒரு மலைக்கிராமத்தில் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். ரேடியோ அடிவானத்துக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். ஏற்காட்டுக்கு 160. கோடைக்கானல் 2,100 மீட்டர், அதற்கு 189. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 350. இரண்டு மலைகளுக்கும் இடையே வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் 190 கிலோமீட்டர்தான் வருகிறது. பூமியின் வளைவு குறுக்கே வராது. கோடைப் பண்பலை 100.5, பத்து கிலோவாட். தெற்கே திறந்த சரிவில் வீடு இருந்தால் அது கேட்டே ஆகவேண்டும்.

இப்போது காரைக்கால் பண்பலை, 100.3. ஏற்காட்டிலிருந்து அதுவும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஆனால் காரைக்கால் கடல்மட்டத்தில் இருக்கிறது. கோபுரம் 100 மீட்டர் என்றே வைத்தாலும் அதன் அடிவானம் 41 கிலோமீட்டர். 160ஐச் சேர்த்தால் 201. எட்டியும் எட்டாத நிலை. அதுவும் ஆத்தூர்ப் பக்கம் கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக அலை வந்து சேர்ந்தால்தான். ஒரே தூரம், ஒன்று பக்கத்து வீடு மாதிரி, இன்னொன்று அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு. இரண்டுக்கும் டயலில் வித்தியாசம் 0.2தான்!

மலையில் பிரச்சினை சிக்னல் இல்லாமை மட்டும் என்று நினைக்கிறோம். முகட்டில் இருப்பவருக்குச் சிக்னல் அதிகமாகி வரும் தொல்லையும் உண்டு. வடக்கே சுமார் 150 கிலோமீட்டரில் பெங்களூர், அதுவும் 900 மீட்டர் உயரத்தில். நாலாபக்கமும் நிலையங்கள். பண்பலையின் குணம், ஒரே அலைவரிசையில் இரண்டு வந்தால் பலமானது மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் சமபலம் என்றால் மாறி மாறிக் கொப்பளிக்கும். இங்கே பூஸ்டர் வாங்கி மாட்டுவது பணத்தை வீணாக்கும் வழி. பூஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெருக்கும். வேண்டியது திசை தெரிந்த ஆன்டெனா. சரிவின் மறுபக்கம் இருப்பவருக்கோ மலையே சுவர். அவருக்கு ஐந்தடி உயர்த்தினால் கிடைக்கும் லாபம் எந்த விலை உயர்ந்த ரேடியோவிலும் கிடைக்காது.

முதலில் இருமுனை ஆன்டெனாவை முயன்று பார்க்கலாம். 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்த நீளம் 1.42 மீட்டர், நடுவில் பிரித்து ஆளுக்கு 71 சென்டிமீட்டர். அலுமினியக் குழாயோ சாதாரண ஒயரோ போதும். கம்பி நிலையத்தைப் பார்த்து நீளக்கூடாது, குறுக்காக நிற்கவேண்டும். இந்த எளிய விஷயத்தைத்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். இது போதவில்லை என்றால் பின்னால் ஐந்து சதவீதம் நீளமான ஒரு கம்பி, முன்னால் ஐந்து சதவீதம் குட்டையான ஒரு கம்பி. யாகி தயார். ஏற்காட்டிலிருந்து கோடைக்கானல், தெற்கிலிருந்து மேற்காகச் சுமார் 25 டிகிரி. காரைக்கால் தென்கிழக்கில். அதனால் ஆன்டெனாவின் முகத்தைக் கோடைக்குத் திருப்பினால் 100.3 தானாக அடங்கும்.

பரணில் கிடக்கும் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனாவை மாட்டலாமா? மாட்டலாம், வரும், ஆனால் அது வேறு அலைவரிசைக்கு வெட்டியது. கம்பிகளை அறுத்துச் சரியான நீளத்துக்குக் கொண்டுவந்தால் உத்தமம். கேபிள் டிவியும் டிடிஎச்சும் செய்த ஒரு உபகாரம், நல்ல கோஆக்சியல் ஒயர் எந்த ஊர்க் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது.

ஏற்காட்டுக்கென்றே சில எதிரிகள் உண்டு. முதலாவது பனிமூட்டம். ஒயர் இணைப்பில் ஈரம் இறங்கினால் ஒரே மழைக்காலத்தில் செப்பு பச்சையாகிவிடும். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வீட்டுக்குள் நுழையும் முன் ஒயரைக் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இரண்டாவது குரங்கு. அதற்கு மருந்தில்லை, கம்பியைக் கெட்டியாக முடுக்குவதைத் தவிர. மூன்றாவது இடி, இதில் விளையாட்டு கூடாது. இரும்புக்குழாயிலிருந்து தனியாகத் தடிமனான ஒயர் எடுத்து, தரையில் அடித்த எர்த் கம்பியோடு சேர்க்கணும். இடி கேட்டதும் ரேடியோவிலிருந்து ஒயரைப் பிடுங்கி வைப்பதும் நல்ல பழக்கம். காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் உயரமாக இருக்கிறதே என்று அதில் கட்டாதீர்கள், ஆடும் மரத்தில் திசை நிற்காது.

ஸ்ட்ரீமிங் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி நாட்களில் மலைமேல் இருப்பவருக்குக் கீழே என்ன நடக்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று யார் சொல்வது? மின்சாரம் போனால் மொபைல் டவர் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டு பென்சில் பேட்டரி போட்ட ரேடியோ நாள்கணக்கில் பேசும். 2023ல் மத்திய மின்னணு அமைச்சகமே போன்களில் எஃப்.எம். வசதியை முடக்கவேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது, பேரிடர்க் காலத்தைக் காரணம் காட்டித்தான். ஆனால் போன் எஃப்.எம்.முக்கு இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. இயர்போன் ஒயரில்லாமல் ஆகிவிட்டது, அதைச் செருகும் ஓட்டையையும் பல கம்பெனிகள் அடைத்துவிட்டன.

திசை திருப்பும்போது ஒரு யோசனை. காதால் கேட்டுப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்புங்கள். ஸ்டீரியோவில் வைத்துக் கேட்டால் இரைச்சல் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, மூட்டம் விலகிய ஒரு நாள், மூட்டம் இறங்கிய ஒரு நாள் கேட்டுப் பார்த்த பிறகு நட்டை இறுக்கினால் போதும்.