சிங்கராச வனமும் அதன் மீட்சியும்

ஈழத்தின் தென்மேற்கே இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களும் கூடுமிடத்துள்ள மலைப்பாங்கில் சிங்கராச வனம் பரந்துள்ளது. மனிதன் கைபடாத கன்னிக்காடு என இதனைப் போற்றுவர். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. காட்டோரத்துச் சிங்கள ஊரவர் தலைமுறை தலைமுறையாகக் கித்துளிற் பாளை சீவிப் பாணி காய்ச்சினர். பிரம்பும் ஏலமும் மரமஞ்சளும் கொணர்ந்தனர். ஹல் மரத்து விதையை மாவாக்கி உண்டனர். மரம் நின்றாலன்றிப் பாணி இல்லையாதலின், கித்துளைப் பேணுதல் அவர்க்குப் பிழைப்பே ஆயிற்று.

1875ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இவ்வனத்தின் பெரும்பகுதியைத் தரிசு நிலச் சட்டத்தின் கீழ் ஒதுக்கக் காடாக்கியது. ஊருக்கு உணவளித்த காடு தரிசெனப் பெயர் பெற்றமை விந்தையே! பெயர் எதுவாயினும், அதனாற் காடு ஒரு நூற்றாண்டு தப்பியது. 1972இல் கொஸ்கம ஒட்டுப்பலகை ஆலைக்காக இயந்திரங்கள் காட்டினுட் புகுந்தன. மக்களும் அறிஞரும் எழுப்பிய கண்டனத்தால் 1977இல் மரந்தறித்தல் நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றது.

ஆயினும் சட்டம் வெட்டுதலைத் தடுக்குமேயன்றிக் காட்டை முளைப்பிக்காது. சேனைப் பயிர்ச்செய்கையும் கைவிடப்பட்ட தேயிலையும் விளிம்பு நிலத்தைப் பன்னப்புதராக்கியிருந்தன. அடிக்கடி தீப்பற்றும் அப்புதரிற் காட்டுமரங்கள் தாமே தோன்றுவதரிது. பெருமரங்களின் விதைகள் தாய்மரத்தடியிலேயே வீழ்வன, நெடுநாள் உயிர்தாங்கா, இளங்கன்றுகள் நிழலையும் வேண்டுவன. எழுபதுகளின் பிற்பகுதியில் வனத்திணைக்களம் அங்குக் கரிபியன் பைன் மரங்களை நட்டது. அயல்மரம் என அதனை இகழ்வோர் உளர். இகழ்ச்சிக்குக் காரணமும் இல்லாமலில்லை. ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்து நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் யேல் பல்கலைக்கழகத்து மார்க் அஷ்டனும் அந்நிழலையே செவிலித்தாயாக்கினர். 1991இல் பைன் வரிசைகளினிடையே ஹொர, நாகமரம் முதலிய ஐவகைக் காட்டுமரக் கன்றுகள் நடப்பட்டன. அடர்நிழலிற் கன்றுகள் மெலிந்தன. ஒரு வரிசை அகற்றப்பட்ட இடத்தில் ஓரளவு தேறின. மூன்று வரிசை அகற்றப்பட்ட இடைவெளியிலேயே மிகச் செழித்தன. வேண்டியது நிழல் மட்டுமன்று, அளவறிந்த ஒளியுமே என்பது இதனாற் புலனாயிற்று.

அவ்வாய்வுகள் மரத்தோடு நிற்கவில்லை. பைன்களின் கீழே கித்துளும் பிரம்பும் ஏலமும் மரமஞ்சளும் நடப்பட்டுச் சோதிக்கப்பட்டன.