சாயத்தை எடுத்துப் போடும் படம்

பழைய கறுப்பு டி-ஷர்ட் மேல் வெட்டிய அட்டையை வைத்து பிளீச் தெளித்தால், கொஞ்ச நேரத்தில் பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ ஒரு படம் வந்துவிடும். புதுச் சாயம் ஒரு சொட்டு கூடச் சேர்க்கவில்லை; இருந்த சாயத்தைத்தான் எடுத்தது. இன்று பொழுதுபோக்கான இந்த வேலை, 200 வருடத்துக்கு முன்னால் பெரிய தொழிற்சாலை ரகசியம்!

அப்போது இங்கிலாந்தில் 'பந்தானா' கைக்குட்டைக்கு ஏக கிராக்கி. பெயரே 'கட்டுவது' என்ற பொருளுள்ள இந்திச் சொல்லில் இருந்து வந்ததுதான். வங்காளத்துப் பட்டை நூலால் புள்ளி புள்ளியாக இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. மூக்குப்பொடி போடும் கனவான்களுக்கு இது ரொம்பப் பிடித்தது, கறை தெரியாதே! இந்தியப் பட்டை உடுத்தக் கூடாது என்று சட்டமே இருந்தும் கள்ளத்தனமாக வந்துகொண்டுதான் இருந்தது.

இதை இயந்திரத்தில் செய்ய முடியுமா? வழி திறந்தது வேதியியல். 1774-ல் ஷீலே குளோரினைக் கண்டார். அது துணியை வெளுக்கும் என்று 1785-ல் பெர்தோலே காட்டினார். 1799-ல் கிளாஸ்கோவின் டென்னன்ட் சலவைத்தூளுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் துணி வெளுக்க மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்துக் காயப் போட வேண்டும்.

அதே கிளாஸ்கோவில் 'துருக்கிச் சிவப்பு' சாயப்பட்டறையை வாங்கிய ஹென்றி மாண்டித் செய்ததுதான் வேடிக்கை. சிவப்புப் பருத்தித் துணியைப் பல மடிப்பாக அடுக்கி, துளை வெட்டிய இரண்டு ஈயத் தகடுகளுக்கு நடுவே நீரழுத்த இயந்திரத்தால் நசுக்கினார்கள். துளை வழியே வெளுப்பு நீரைப் பாய்ச்ச, அது பட்ட இடம் மட்டும் வெள்ளையானது. இந்திய முடிச்சு இறுக்கிய இடம் வெள்ளை. ஈயத் தகடு இறுக்கிய இடம் சிவப்பு. அப்படியே தலைகீழ்! ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விரல் வேலை செய்த இடத்தில், ஒரே அழுத்தத்தில் அத்தனை புள்ளியும். நகல் மலிவானது, பெயர் மட்டும் இந்தியாவுடையதாகவே நின்றுவிட்டது.

வீட்டு பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். பருத்தியில் நன்றாக வரும். பாலியஸ்டரில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. பட்டும் கம்பளியும் அரித்துப் போகும். ஒரு விஷயத்தில் மட்டும் கிளாஸ்கோவைக் காப்பியடிக்கவே கூடாது. அங்கே வெளுப்பு நீரில் வேண்டுமென்றே கந்தக அமிலம் விட்டுக் குளோரினைக் கிளப்பினார்கள். வீட்டில் 'பிளீச்சை நிறுத்துகிறேன்' என்று வினிகர் ஊற்றினாலும் கிளம்புவது அதே வாயுதான். 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மன் படை திறந்துவிட்டதும் இதைத்தான். நிறுத்த வேண்டுமானால் துணியை நிறையத் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணீரில் நனைத்தால் போதும்.