ஜீஸ் பெண்ட் பெண்களின் ஊசியும் உரிமையும்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். கந்தை ஏன் நம் வீட்டில் மட்டும் இருக்கிறது என்று கேட்க யாரும் சொல்லித் தரவில்லை. கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது, பழம்புடவைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது என்று நம் பெண்கள் கைவசம் வைத்திருக்கும் அறிவெல்லாம் பத்திரிகைகளில் "வீட்டுக் குறிப்புகள்" என்று கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது.

1946இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கருப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதியதை நாம் அறிவோம். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் அமைப்பு தன் பெயரை எங்கிருந்து எடுத்தது என்பதையும் அறிவோம். ஆனால் கருப்பினத் தலைவர்களின் உரைகளைப் படித்த அளவுக்கு அந்த மக்களின் பெண்கள் ஊசியும் நூலுமாக என்ன செய்தார்கள் என்று நாம் படிக்கவில்லை. அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரை அதற்காகவே இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் நிலத்துண்டு அது. 1816இல் ஜோசப் ஜீ என்ற வெள்ளைப் பண்ணையார் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது. 1845இல் தோட்டம் மார்க் பெட்வே என்பவரிடம் போனது. அவர் வட கரோலினாவிலிருந்து சுமார் 100 அடிமைகளை நடத்தியே கொண்டுவந்தார். இன்றும் அந்த ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வேதான். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபோதும் நிலம் அதே கைகளில் இருந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே மண்ணில் வாரதாரர்களாகவும் கடனாளிகளாகவும் உழைத்தார்கள்.

அவர்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையை குவில்ட் என்கிறார்கள். அதற்கு மூன்று அடுக்கு. மேல் அடுக்குக்கு உழைத்துத் தேய்ந்த கால்சட்டை, மேல்சட்டை. அவற்றைப் பிரித்து, தாங்கக்கூடிய பகுதிகளைப் பட்டைகளாகவும் கட்டங்களாகவும் எடுப்பார்கள். சட்டைப்பையைப் பிரித்தால் அதன் அடியில் வெயில் படாத அடர்நீலம் தெரியும். அதையும் ஒரு வடிவமாக வைத்துத் தைப்பார்கள். அடிப்பக்கத்துக்கு மாவு மூட்டை, உர மூட்டைத் துணி. நடுவில் வைக்க, பருத்தி அரைக்கும் ஆலையின் தரையிலிருந்து கூட்டிவந்த கழிவுப் பஞ்சு. அதைக் குச்சியால் அடித்துப் பரப்புவார்கள். பிறகு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டே மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பார்கள்.

அவர்களுடைய புகழ்பெற்ற வடிவம் ஒன்றுக்கு "வீட்டுக்கூரை" என்று பெயர். நடுவில் ஒரு சிறு கட்டம் வைத்து, அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அச்சு வேண்டாம், அளவுநாடா வேண்டாம். ஒரு நிறத் துணி பாதியில் தீர்ந்துபோனால் கையில் இருக்கும் வேறு நிறம் அந்த இடத்தில் வரும். பின்னாளில் கலை விமர்சகர்கள் வியந்து பேசிய எதிர்பாராத நிறமாற்றங்களில் பல இப்படிப் பிறந்தவை. எந்த நிறத்தை எங்கே வைப்பது என்ற கண் அந்தப் பெண்களுடையது. துணி பற்றாமல் போனதற்குக் காரணம் கூலி. பலகைச் சுவர்களின் இடுக்கில் குளிர்காற்று புகுந்த வீடுகள் அவை. போர்வை உயிர் காக்கும் பொருள்.

1932இல் கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்தார். அவர் குடும்பம் ஜீஸ் பெண்ட் வீடுகளில் புகுந்து மாடு, கோழி, ஏர், தானியம் எல்லாவற்றையும் கடனுக்கு ஈடாக அள்ளிச் சென்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவில் அந்தக் குளிர்காலத்தை ஊர் தாண்டியது. பிறகு ரூஸ்வெல்ட் அரசு அந்தத் தோட்ட நிலத்தை வாங்கியது. 1940களில் குறைந்த வட்டிக் கடனில் அங்கிருந்த குடும்பங்களுக்கே விற்றது. இந்த நிலம்தான் அடுத்து நடந்தவற்றுக்கு அடித்தளம்.

1965இன் தொடக்கத்தில் வில்காக்ஸ் மாவட்டத்தில் கருப்பின மக்களே பெரும்பான்மை. ஆனால் வாக்காளர் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. பெயர் சேர்க்கப் போன வாரதாரர்களை நிலவுடைமையாளர்கள் குடிசையிலிருந்து வெளியேற்றினார்கள். ஜீஸ் பெண்ட்டில் பலருக்குச் சொந்த நிலம் இருந்ததால் அவர்களை அப்படித் துரத்த முடியவில்லை. அவர்கள் வாக்குரிமை கேட்கத் தொடங்கிய 1962இல், மாவட்டத் தலைநகர் கேம்டனுக்குப் போகும் படகுப் போக்குவரத்து நின்றது. ஆற்றைக் கடந்தால் எட்டிவிடும் ஊருக்குச் சாலையில் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் போக வேண்டியதாயிற்று. படகு மீண்டும் ஓடியது 2006இல்தான்.

1966 மார்ச்சில், பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் துணையுடன் அந்த வட்டாரப் பெண்கள் "ஃப்ரீடம் குவில்டிங் பீ" என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. ஊரில் சில டாலருக்குப் போன பொருளுக்குத் தாங்களே விலை சொல்லும் நிலை வந்தது. எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற பெண் நீண்ட காலம் நிர்வாகியாக இருந்தார். கூட்டுறவு 23 ஏக்கர் நிலம் வாங்கியது. 1969இல் தையல் மையம் கட்டி அதற்கு மார்டின் லூதர் கிங் பெயரைச் சூட்டியது. வாக்குரிமை கேட்டதற்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்த நிலத்திலிருந்து மனை கொடுத்தது. போர்வை தைத்த பணம் வீட்டுமனையாக மாறிய இடம் இது. நாம் அழுத்தமாக நினைவில் வைக்க வேண்டிய இடமும் இதுவே.

சந்தை தன் விலையையும் கேட்டது. பெரிய கடைகளுக்கு ஒரே அளவில், ஒரே வடிவத்தில் பொருள் வேண்டும். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. அந்த வேலையில் பெண்கள் தங்கள் கற்பனையை ஓரமாக வைத்துவிட்டுத் தைத்தார்கள். மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தங்கள் மனம்போலப் போர்வையாக்கினார்கள்.

2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை 10 தபால்தலைகள் வெளியிட்டது. 2007இல், தங்கள் படைப்பால் வந்த பணத்தில் உரிய பங்கு வரவில்லை என்று சில பெண்கள் நீதிமன்றம் போனார்கள். மறு ஆண்டு சமரசத்தில் வழக்கு முடிந்தது. கலைஞர் என்ற பட்டம் கிடைத்த பிறகும் கணக்கு கேட்க வேண்டியிருந்தது.

சமூகப் பணியில் நாங்கள் போகும் சேரிகளிலும் காலனிகளிலும் தையல் பயிற்சி இல்லாத ஊர் குறைவு. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுக்கிறோம். பிறகு ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று விலையை ஒப்பந்தக்காரர் சொல்கிறார். ஜீஸ் பெண்ட் வட்டாரப் பெண்களுக்குத் தைக்க யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு இல்லாதிருந்தவை காலடி நிலம், வாக்கு, தங்கள் பெயரில் ஒரு தையல் கூடம், விலை சொல்லும் அதிகாரம்.

அடுத்த முறை ஒரு தையல் வகுப்பைத் தொடங்கி வைக்கக் கூப்பிட்டால், தோழர்களே, போங்கள். போகும்போது கூலிக் கணக்கு நோட்டு ஒன்றும், கூட்டுறவுச் சங்கப் பதிவு விண்ணப்பம் ஒன்றும் கையோடு எடுத்துப் போங்கள்.