முடிச்சூருக்கு வராத முதலைகள்

2015 டிசம்பர் முதல் வாரம். ஏ லெவல் தேர்வு முடிந்து தேசிய சேவைக்காகக் காத்திருந்தேன். காத்தோங்கில் எங்கள் வீட்டிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் சாலை ஐந்து நிமிட நடை. வெளியே வழக்கமான டிசம்பர் தூறல்தான். அம்மாவின் கைப்பேசியில்தான் சென்னை மூழ்கிக்கொண்டிருந்தது. சித்தி தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இருந்தார். போன் போகவில்லை.

அப்போதுதான் குடும்பக் குழுவில் அந்தச் செய்தி வந்தது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள். ஒரு நொடிகூட யோசிக்காமல் மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். சித்தியின் எண்ணுக்கும் அனுப்பினேன். ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணையே மறுப்பு வெளியிட்டது. அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

இன்று பொறியாளனாக வரைபடத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. பண்ணை இருப்பது மாமல்லபுரம் பக்கம், வடநெம்மேலியில். அங்கேயும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். நேர்க்கோட்டில் முடிச்சூர் இருபது கிலோமீட்டருக்கு மேல். முடிச்சூரில் புகுந்தது அடையாற்று வெள்ளம். ஆற்றுவழியே முதலை வருவதென்றால், கடலில் வடக்கே நீந்தி, முகத்துவாரத்தில் நுழைந்து, அந்த வெள்ளத்தை எதிர்த்து ஏறியாக வேண்டும்.

அதற்கு முன்பே, நவம்பரில், இன்னொன்று சுற்றியது. 'எல் நினோ புயல்' வருகிறது, 250 செ.மீ. மழை பெய்யும், நாசா சொல்லிவிட்டது. எல் நினோ புயலே அல்ல, பசிபிக் கடல்நீர் சூடாவது. சென்னையின் ஓராண்டுச் சராசரி மழையே சுமார் 140 செ.மீ.தான். டிசம்பர் முதல் நாள் பேய்மழையில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. அதுவே ஊரை மூழ்கடிக்கப் போதுமாக இருந்தது.

வாட்ஸ்அப் வந்துதான் நாம் கெட்டோம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்து 1935ல் கட்டுரையாக வெளியிட்டார். பாட்னாவைப் புயல் தாக்கும், சந்திர கிரகணத்தன்று மறுபடியும் பூமி அதிரும், நேபாள எல்லையிலிருந்து வெள்ளம் வருகிறது. இதில் நாசா ஒன்றுதான் இல்லை!

இவற்றைப் பரப்பியவர்கள் அதிர்வை உணர்ந்தும் அழிவைக் கண்ணால் பார்க்காதவர்கள். துர்கானந்த் சின்ஹா 1950ல் டார்ஜிலிங் நிலச்சரிவை ஆராய்ந்தபோது, இடிபாடுகளின் நடுவே நின்றவர்களிடம் 'இதைவிடப் பெரியது வரும்' என்ற பேச்சு அப்படி எழவில்லை. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957ல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பயம் நெஞ்சில் இருக்கிறது, ஆனால் சுற்றிலும் பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பொருத்தமின்மையைத் தாங்க முடியாமல் மனம் பயத்துக்கேற்ற காரணத்தைத் தேடுகிறது என்றார். காத்தோங் சோபாவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு முதலை தேவைப்பட்டது என்கிறார், அவ்வளவுதான்.

அரசுகளும் தப்பவில்லை. சுனாமிக்கு நான்காம் நாள், 2004 டிசம்பர் 30 அன்று, இன்னொரு சுனாமி வரலாம் என்று இந்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. அடிப்படை, வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பு. நாகப்பட்டினத்தில் மீட்புப் பணியைப் போட்டுவிட்டு மக்கள் ஓடினார்கள். அலை வரவில்லை.

இப்போது இப்படிப்பட்ட செய்தி வந்தால் மூன்று கேள்வி கேட்கிறேன். தேதியும் இடமும் இருக்கிறதா? சொன்னதாகச் சொல்லப்படுபவரின் பக்கத்திலேயே அது இருக்கிறதா? எண் கணக்கில் நிற்கிறதா? நான்காவது எனக்கே: இதை அனுப்புவது அவர்களுக்காகவா, என் படபடப்பு அடங்கவா?

நான்கு நாள் கழித்துச் சித்தி பேசினார். சிரித்துக்கொண்டே முதலைக் கதையை எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ராத்திரி ஒரு மணிக்குக் கழுத்தளவு தண்ணியில எதிர்வீட்டு மாடிக்குப் போனோம்டா. போன் அப்பவே செத்துப்போச்சு. உன் மெசேஜை இன்னைக்குத்தான் பார்த்தேன். அன்னைக்கே பார்த்திருந்தா, இறங்கியிருப்பேனான்னு தெரியல."