கம்ப்யூட்டர் போடும் சத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் என் பேரன் போன வாரம் ஒரு புகாரோடு வந்தான். "தாத்தா, கேம் ஆரம்பிச்சா கால் மணி நேரம் நல்லாத்தான் போகுது. அப்புறம் சிபியு உர்ர்னு கத்துது, படம் திக்கித் திக்கி வருது. விளையாடவே முடியல."

கடையில் கொண்டுபோய்க் காட்டினார்கள். பெட்டியைத் திறக்காமலேயே, "கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும் சார், மாத்தணும், 22,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். என் மகன் முகம் சுண்டிப்போய் வந்து நின்றான்.

நான் வரலாறு எடுத்தவன். எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் ஒரு சம்பவம் எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, யார் சாட்சி என்று கேட்பது முப்பத்தைந்து வருடப் பழக்கம். இங்கே சாட்சி அந்தச் சத்தம்தான். அதை யாரும் உட்கார்ந்து கேட்கவே இல்லை.

கம்ப்யூட்டரின் ஆரம்பக் காலத்தில் அதை உருவாக்கியவர்கள் இந்தச் சத்தத்தை வேண்டுமென்றே ஏற்படுத்திக் கேட்டார்கள். பலருக்கு இது தெரியாது.

ஆஸ்திரேலியாவின் முதல் கணினி சிஎஸ்ஐஆர்ஏசி. சிட்னியில் டிரெவர் பியர்சி, மாஸ்டன் பியர்டு ஆகியோர் தலைமையில் உருவாகி 1949 நவம்பரில் முதல் நிரலை ஓட்டியது. சுமார் 2,000 வால்வுகள் கொண்ட, ஒரு அறையையே அடைக்கும் இயந்திரம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க இன்றைக்கு இருப்பது போன்ற திரை வசதி அப்போது இல்லை. அதனால் அதில் ஒரு ஒலிபெருக்கியைப் பொருத்தினார்கள். நிரலில் குறிப்பிட்ட இடங்களில் ஒலிபெருக்கிக்கு ஒரு துடிப்பை அனுப்பும்படி கட்டளை எழுதிவிடுவார்கள். கணக்கு ஒழுங்காக ஓடினால் ஒரு மாதிரிச் சத்தம். ஒரே இடத்தில் சிக்கிச் சுற்றினால் வேறு மாதிரி. முடிந்தால் இன்னொன்று. இயக்குபவர் வேறு வேலை பார்த்துக்கொண்டே காதால் கண்காணிப்பார்.

ஒரு துடிப்பு தனியாக வந்தால் 'டிக்' என்று கேட்கும். அதே துடிப்பு நொடிக்குச் சில நூறு முறை சீராக வந்தால் காதுக்கு அது ஒரு ஸ்வரம். ஜெஃப் ஹில் என்ற நிரலாளர் இதைப் பயன்படுத்திக் கணினியைப் பாட்டு வாசிக்க வைத்தார். 1951 ஆகஸ்டில் சிட்னியில் நடந்த கணினி மாநாட்டில் வந்திருந்தவர்கள் முன்னால் அது வாசித்தது. யாரும் பதிவு செய்யவில்லை. அந்த ஒலி காற்றோடு போய்விட்டது. கணினி மட்டும் இன்றும் மெல்போர்னில் அருங்காட்சியகப் பொருளாக இருக்கிறது.

அதே 1951இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபெரான்டி மார்க் 1 என்ற கணினி வந்து இறங்கியது. அதிலும் ஒரு ஒலிபெருக்கி உண்டு. அதற்கான கையேட்டை எழுதியவர் ஆலன் டூரிங். கணினியைக் கூவ வைப்பது எப்படி என்று அதில் விளக்கியிருக்கிறார். வேலை முடிந்தது, தகவலை மாற்றுவதில் பிழை என்று ஆளைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் அவருக்கு அந்த ஒலி வேண்டியிருந்தது.

அதை இசையாக்கியவர் கிறிஸ்டஃபர் ஸ்ட்ரேச்சி. அவர் அப்போது ஹாரோ பள்ளியில் ஆசிரியர்! படித்தபோது எனக்கு ஒரு சின்னப் பெருமை. அந்த வாத்தியார் ஒரே இரவு மான்செஸ்டரில் உட்கார்ந்து ஒரு நீண்ட நிரலை ஓட்டிக் காட்டினார். அது முடியும்போது கணினி இங்கிலாந்தின் தேசிய கீதத்தை வாசித்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிபிசி வந்து பதிவு செய்தது. கணினி இசைக்கு இன்று நம்மிடம் உள்ள மிகப் பழைய பதிவு இதுதான். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் அதன் வேகத்தைச் சரிசெய்து மீட்டார்கள். இணையத்தில் கேட்கலாம். அதில் மூன்றாவது பாட்டில் கணினி நடுவில் தடுமாறி நின்றுவிடுகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அதற்கு இன்றைக்கு மனசு சரியில்லை போலிருக்கிறது என்று ஒரு பெண்மணி கேலி செய்கிறார்.

அதே ஸ்ட்ரேச்சி அதே கணினியில் 1952இல் டிராஃப்ட்ஸ் என்ற பலகை விளையாட்டையும் ஓட வைத்தார். பலகை சிறிய திரையில் தெரியும். உலகின் ஆரம்பக் கால கம்ப்யூட்டர் கேம்களில் அது ஒன்று. ஆக கேமும், சத்தமும், பாதியில் திணறுவதும் எழுபது வருடத்துக்கு முன்பே ஒரே பெட்டியில் இருந்தவை. பேரனிடம் சொன்னேன். "அப்பவே லேக் அடிச்சுதா தாத்தா?" என்றான்.

பிறகு கணினி மேசைக்கு வந்தது. 1975இல் அமெரிக்காவில் ஸ்டீவ் டாம்ப்பியர் தன் ஆல்டேர் கணினிக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்திருந்தார். நிரல் ஓடும்போதெல்லாம் ரேடியோ இரைந்தது. கணினியின் மின் அலை ரேடியோவில் புகுந்திருக்கிறது. நாமாக இருந்தால் ரேடியோவைத் தள்ளி வைத்திருப்போம். அவர் எந்தக் கட்டளைக்கு எந்த இரைச்சல் என்று குறித்து வைத்து, ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டத்தில் ரேடியோ வழியாகவே பாட்டு வாசிக்க வைத்தார். 1981இல் வந்த ஐபிஎம் பிசி, ஆன் செய்ததும் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஒரு சின்ன 'பீப்' போட்டால் எல்லாம் நலம் என்று அர்த்தம். ஒரு நீண்ட பீப், இரண்டு குட்டி பீப் என்றால் திரைக்கான கார்டில் கோளாறு. டூரிங் வழக்கத்தின் தொடர்ச்சி அது.

ஆனால் இன்னொரு வகைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. யாரும் திட்டமிடாத சத்தம். ஐபிஎம் பிசியின் மூளையான சில்லுக்குத் தனி ஃபேன் கிடையாது. பென்டியம் காலத்தில் சில்லின் தலையிலேயே ஃபேன் உட்கார்ந்தது. பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கும் ஃபேன். 2003இல் என்விடியா வெளியிட்ட ஒரு கார்டின் இரைச்சலுக்குத் தூசி உறிஞ்சும் கருவியின் பெயரைப் பட்டமாகச் சூட்டினார்கள். அந்த நிறுவனமே தன்னைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ வெளியிட்டது.

இந்த வரலாற்றில் பேரனின் பிரச்சினைக்கு நேராக வழிகாட்டியது 2001இல் நடந்த ஒன்று. டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளத்தார் ஒரு சோதனை செய்தார்கள். குவேக் 3 என்ற கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லின் மேலிருந்த ஹீட்சிங்க்கைக் கழற்றி எடுத்தார்கள். ஏஎம்டியின் அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. இன்டெலின் பென்டியம் 4 சாகவில்லை. வெப்பம் ஏறியதை உணர்ந்து தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. படம் திக்கித் திக்கி நகர்ந்தது. ஹீட்சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழையபடி ஓடியது. இன்றைய சில்லுகள் எல்லாமே அந்தத் தற்காப்போடுதான் வருகின்றன.

அப்படியானால் படம் திக்குவது எப்போதும் உறுப்பு கெட்டதற்கு அடையாளம் ஆகாது. இயந்திரம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாக நடப்பதாகவும் இருக்கலாம். "கால் மணி நேரம் நல்லாத்தான் போகுது" என்று பேரன் சொன்னதில் விடை இருந்தது. கெட்டுப்போன கார்டு கால் மணி நேரம் காத்திருப்பது அபூர்வம். வெப்பம்தான் மெதுவாக ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்தோம். முதலில் ஹெட்போனைக் கழற்றச் சொன்னேன். சத்தம் பெட்டியிலிருந்தா, ஸ்பீக்கரிலிருந்தா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஸ்பீக்கரில் மட்டும் கரகரவென்றோ, ஒரே துண்டு திரும்பத் திரும்பவோ வந்தால் கதை வேறு. ஒலி ஒவ்வொரு நொடிக்கும் 48,000 எண்களாகப் போக வேண்டும். அடுத்த தவணை வருவதற்குள் கையிருப்பு தீர்ந்தால் ஒலி வெடிக்கும். பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் மென்பொருள் வழியை மறித்துக்கொண்டிருக்கும். எங்கள் சத்தம் பெட்டியிலிருந்துதான் வந்தது.

நாள்காட்டித் தாளைச் சுருட்டிக் குழலாக்கிக் காதில் வைத்துக் கேட்டோம். கேம் மெனுவில் நிற்கும்போது மெல்லிய கீச் சத்தம். பேரன் அதுதான் கார்டு கெட்ட அடையாளம் என்றான். இல்லை. கார்டில் உள்ள காயில்கள் மின்னோட்டம் மாறும்போது அதிர்வதால் வருவது அது. நொடிக்கு 60 படம் போதும் என்று வரம்பு வைத்ததும் அடங்கிவிட்டது. அந்தக் கீச்சில்கூட விஷயம் இருக்கிறது. 2013இல் கெங்கின், ஷமீர், ட்ரோமர் என்ற மூன்று ஆய்வாளர்கள் மடிக்கணினியின் அந்த மெல்லிய ஒலியைக் கேட்டே அதன் ரகசியச் சாவியை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

பதினைந்தாவது நிமிடம் உறுமல் தொடங்கியது. வெப்பம் காட்டும் மென்பொருளில் 98 டிகிரி. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்தோம். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஃபேன் காற்றைத் தள்ளுகிறது, காற்று போக வழியில்லை, அதனால் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. இறக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினோம். மறுபடி ஓட்டினால் 71 டிகிரி. பெட்டி அமைதியானது.

அமைதியான பிறகுதான் இன்னொன்று கேட்டது. டிக்… டிக்.

அதைக் கேட்டதும் எனக்குக் கை சில்லிட்டது. காரணம் சொல்கிறேன்.

பணியில் இருந்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துப் பேச வைத்திருந்தேன். பஞ்சம், கிணறு வெட்டியது, பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டது எல்லாம் அவர்கள் குரலில். 2009இல் என் கம்ப்யூட்டர் இதே மாதிரி டிக் டிக் என்று சத்தம் போட்டது. பழைய பெட்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது நாள் கழித்து ஆன் ஆகவில்லை. அத்தனையும் போயிற்று. மறுபடி போய்க் கேட்கலாம் என்றால் அதற்குள் ஐந்து பேர் இறந்திருந்தார்கள். மீதி ஏழு பேரிடம் திரும்பப் பதிவு செய்தேன். அந்த ஏழு பேரின் குரலும் இப்போது பேரனின் இந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. இன்று அவர்களில் ஒருவரும் இல்லை.

ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டின் மேல், தொடாமல், மயிரிழையைவிடப் பல ஆயிரம் மடங்கு நெருக்கத்தில் ஒரு முனை மிதக்கிறது. படிக்க முடியாத இடம் வந்தால் அது பின்வாங்கித் திரும்ப முயலும். அந்த எகிறல்தான் டிக். பேரனிடம் கேட்டேன்: "கேம்ல புது இடத்துக்குப் போகும்போது ஒரு நொடி அப்படியே நிக்குமா?" "ஆமா தாத்தா, அது முதல்லருந்தே நிக்கும்." ஆக திணறல் இரண்டு வகை. ஒன்று வெப்பம். இன்னொன்று இந்த டிஸ்க். உறுமல் சத்தம் அதை மறைத்திருந்தது. டிஸ்க் தன் கோளாறுகளைத் தானே குறித்துக்கொள்ளும் ஸ்மார்ட் என்ற பதிவு உண்டு. இலவச மென்பொருளில் திறந்து பார்த்தால், கெட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது.

கேமை நிறுத்தினோம். முதலில் குரல்களை வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்தோம். ஒரு கோப்பில் மட்டும் பதினோரு நிமிடம் படிக்க முடியாமல் போனது. மற்றவை வந்துவிட்டன. பிறகு ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போட்டோம். மொத்தச் செலவு 3,000 சொச்சம். கார்டு அதே பழைய கார்டுதான், நன்றாக ஓடுகிறது.

கடைக்காரப் பையனைக் குறை சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு பெட்டி பார்க்க வேண்டியவர் அவர். ஆனால் சிட்னியிலும் மான்செஸ்டரிலும் இருந்தவர்கள் சத்தத்தை உட்கார்ந்து கேட்டார்கள். நமக்கு வீட்டில் அந்த நேரம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டி உறுமினால் தூசியைப் பாருங்கள். கீச்சிட்டால் பயப்படாதீர்கள். டிக் டிக் என்றால் மற்ற எதையும் செய்வதற்கு முன் நகல் எடுங்கள்.

அன்று இரவு பேரன் கேம் ஆடவில்லை. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கோப்பை ஓட்டினான். கிணறு வெட்டிய கதை. பாதியில் நிறுத்துவான் என்று நினைத்தேன். நாற்பது நிமிடமும் கேட்டான்.