கணக்குக் கேட்ட பங்காளர்

திருக்கோணமலைக்கு வடபாலுள்ள திரியாயிலே, குன்றின் பாறையொன்றிற் பல்லவக் கிரந்த எழுத்தாலாய வடமொழிச் சாசனம் உளது. கிரிகண்டி சைத்தியத்தை அமைத்தோர் கடற்செலவில் வல்ல வணிகர் கூட்டத்தினர் என அது கூறும். கூட்டாக வாணிகஞ் செய்தல் இக்கரைக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே சான்றாகும். ஆயினும், முகமறியாத பலரின் பணத்தைத் திரட்டிய வேறொரு கூட்டமும் பிற்காலத்தில் இக்கரையை நாடி வந்தது. அதுவே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி.

1602ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அக்கும்பனியின் மூலதனம் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். அம்ஸ்ரடாம் நகரில் மட்டும் 1,143 பேர் பணம் இட்டனர். ஆட்சியோ பதினேழு பணிப்பாளர் கையில் இருந்தது. இருபத்தோராண்டுக்கு வழங்கப்பட்ட பட்டயம், பத்தாண்டு கழிந்ததும் பொதுக்கணக்குக் காட்டப்படும் என உறுதி கூறியது.

முதலிற் குரலெழுப்பியவர் ஐசாக் லெ மெயர். முன்பு தாமே பணிப்பாளராயிருந்த அவர், 1609இல் அரசுக்கு முறைப்பாடு செய்தார். பங்கு விலை வீழ்ந்தால் அவருக்கு ஆதாயம் உண்டு என்பது மெய்யே. அதனால் அவர் எழுப்பிய வினா பொய்யாகிவிடாது. 1610இல் பங்கிலாபம் பணமாகவன்றிப் பெரும்பாலும் சாதிபத்திரியாகவும் மிளகாகவும் அளக்கப்பட்டது. 1612இல் காட்டவேண்டிய கணக்கோ காட்டப்படவில்லை. அரசும் அதற்கு இணங்கிற்று.

கும்பனி வாணிக நிலையமாக மட்டுமன்றிப் போர்க்கருவியாகவும் விளங்கியமையால், மறைபொருள் காத்தற்கு ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால், அம்மறைவு பணிப்பாளரின் சொந்த ஊதியத்துக்கும் திரையாயிற்று என்பதே பங்காளரின் மனக்குறை. பட்டயம் முடிவுறும் வேளையில், 1622இல், அவர்கள் துண்டுநூல்களை அச்சிட்டுப் பரப்பினர். 1623இல் புதுப்பிக்கப்பட்ட பட்டயம் பணிப்பாளரின் பதவிக்காலத்தை வரையறுத்தது. பெரும் பங்காளர் ஒன்பதின்மர் கணக்கைப் பார்வையிடவும் இடமளித்தது. எனினும், அவர்களும் இரகசியங் காப்பதாக ஆணையிடல் வேண்டியிருந்தது. சிறு பங்காளர் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

இக்கும்பனியே 1639இற் போர்த்துக்கேயரிடமிருந்து திருக்கோணமலைக் கோட்டையைக் கைப்பற்றியது. 1795இல் அதே கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1799ஆம் ஆண்டின் இறுதியிற் கும்பனியும் கலைந்தது. அவ்வீழ்ச்சிக்குப் போரும் கடனும் உட்படக் காரணங்கள் பல. கணக்கு மறைப்பொன்றே காரணமெனல் மிகையாகும். ஆயினும், பிறர் பொருளை ஆள்வோர் அவர்க்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவர் என்னும் நெறி, இன்றைய கும்பனிச் சட்டங்களில் ஆண்டறிக்கையாகவும் பொதுக்கூட்டமாகவும் நிலைபெற்றுள்ளது. அதனை முதன்முதல் வற்புறுத்தியோருள் அப்பங்காளரும் அடங்குவர்.